தடிக்குப் பயந்து ஓடும் நாய்... ஒரு கடலைக்குத் திரும்பி வரும்!

தோட்டத்து நாய்களைத் தீனி கொடுத்துப் பழக்கும் எளிய முறை

மாலை நேரம். வரப்பு ஓரத்தில் நாய் எதையோ முகர்ந்துகொண்டு நிற்கிறது. எலிக்கு வைத்த மருந்துப் பொரி அங்கேதான் சிதறிக் கிடக்கிறது. பார்த்துவிட்ட வீட்டுக்காரர் பதறிப்போய், "டேய் மணி... வாடா இங்க!" என்று சத்தம் போடுகிறார். நாய் தலையைத் தூக்கிப் பார்க்கிறது. வாலை இடுக்கிக்கொண்டு இன்னும் நாலடி தள்ளிப் போகிறது.

காரணம் இல்லாமல் இல்லை. போன வாரம் இதே குரலில் கூப்பிட்டபோது அது ஓடிவந்தது. வந்ததும் முதுகில் தடி விழுந்தது. காலையில் கோழியைக் கடித்ததற்கான அடி அது என்று வீட்டுக்காரருக்குத் தெரியும். நாய்க்குத் தெரியாது. 'கூப்பிட்டால் போகக் கூடாது' என்பதை மட்டும் அது நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டது.

இப்படி ஒரு காட்சியைப் பார்க்காத கிராமம் இருக்காது. கோழியைத் துரத்துகிறது, ஆட்டுக்குட்டியைக் கலைக்கிறது, கண்டதைத் தின்கிறது, சொன்னால் கேட்பதில்லை என்று நாயைக் குறை சொல்லாத வீடும் குறைவு. 'நாய் வாலை நிமிர்த்த முடியாது' என்று ஒரு பழமொழியைச் சொல்லிவிட்டு விட்டுவிடுகிறோம். வாலை நிமிர்த்த முடியாதுதான். ஆனால், நாயின் பழக்கத்தை மாற்ற முடியும். அதற்குத் தேவை தடி அல்ல. ஒரு கைப்பிடி தீனியும் இரண்டு வாரப் பொறுமையும்தான்.

அடி ஏன் பலிப்பதில்லை?

நாய்க்குப் புரிவது 'இப்போது செய்தது, இப்போது கிடைத்தது' என்ற கணக்கு மட்டுமே. ஒரு செயலுக்கும் அதன் பலனுக்கும் இடையில் ஓரிரு நொடிகளுக்கு மேல் இடைவெளி போனால், இரண்டையும் அது சேர்த்துப் பார்ப்பதில்லை. அரை மணி நேரம் கழித்து, செத்த கோழியை மூஞ்சியில் காட்டி அடித்தால், எதற்காக அடி என்று அதற்கு விளங்காது. வீட்டுக்காரர் கையில் தடி இருந்தால் ஆபத்து என்றுதான் எடுத்துக்கொள்ளும்.

செய்யும்போதே கையும் களவுமாகப் பிடித்து அடித்தால்? 'ஆள் இருக்கும்போது கோழியைத் தொடக் கூடாது' என்று கற்றுக்கொள்ளும். ஆள் இல்லாதபோது மீண்டும் தொடும். அடி வாங்கிப் பயந்த நாய் சில நேரம் வீட்டுப் பிள்ளைகளையே கடித்துவிடுவதும் உண்டு. அடி என்பது, செய்யக் கூடாததைத்தான் காட்டும். அதற்குப் பதிலாக என்ன செய்ய வேண்டும் என்பதைக் காட்டாது. தீனி காட்டும்.

தீனி எப்படிப் பாடம் சொல்கிறது?

இவான் பாவ்லோவ் என்ற ரஷ்ய அறிவியலாளர், நாய்களின் ஜீரணத்தை ஆராய்ந்து 1904-ல் நோபல் பரிசு பெற்றவர். அவருடைய ஆய்வுக்கூடத்து நாய்களுக்கு, தீனி வாய்க்கு வருவதற்கு முன்பே எச்சில் ஊறியது. தீனி கொண்டுவரும் ஆளின் காலடிச் சத்தமே போதுமானதாக இருந்தது. 'இந்தச் சத்தம் வந்தால் சோறு வரும்' என்று அவை தாமாகவே முடிச்சுப் போட்டுக்கொண்டன.

இதைப் பார்க்க ரஷ்யா வரை போக வேண்டியதில்லை. சோற்றுச் சட்டியில் கரண்டி தட்டும் சத்தம் கேட்டால், தோட்டத்துக் கடைசி மூலையில் கிடக்கும் நாயும் எழுந்து ஓடிவருகிறது. யாரும் பழக்காமலே வந்த பழக்கம் இது. இதே முடிச்சை நமக்கு வேண்டிய இடத்தில் போடுவதுதான் பயிற்சி.

பல வீடுகளில் தெரியாமல் தப்பான இடத்திலும் முடிச்சு விழுந்துவிடுகிறது. திண்ணையில் சாப்பிடும்போது நாய் முனகுகிறது. தொல்லை தாங்காமல் ஒரு துண்டு இட்லியைத் தூக்கிப் போடுகிறோம். 'முனகினால் இட்லி' என்று பாடம் முடிந்துவிட்டது. மேலே தாவும்போது பிஸ்கட் கொடுத்தால், தாவச் சொல்லிக் கொடுக்கிறோம் என்று அர்த்தம். ஆக, எல்லா வீட்டிலும் தீனி நாயைப் பழக்கிக்கொண்டுதான் இருக்கிறது. எந்த நொடியில் கொடுக்கிறோம் என்பதைக் கவனிக்காததுதான் குறை. எவ்வளவு கொடுத்தோம் என்பதைவிட, எப்போது கொடுத்தோம் என்பதே முக்கியம்.

என்ன தீனி, எவ்வளவு?

கடையில் விற்கும் விலை கூடிய நாய் பிஸ்கட் தேவையில்லை. வீட்டில் இருப்பதே போதும்.

• வேகவைத்த முட்டை, பொடியாக நறுக்கியது
• உப்பில்லாமல் வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை
• வேகவைத்த கோழி ஈரல் அல்லது எலும்பில்லாத கறி
• காய்ந்த சப்பாத்தி அல்லது கேழ்வரகு ரொட்டித் துண்டு
• பலமுறை தண்ணீரில் அலசி, உப்பு போக ஊறவைத்து, வேகவைத்து, முள் எடுத்த கருவாடு

ஒரு துண்டு என்பது நிலக்கடலைப் பருப்பில் பாதி அளவு இருந்தால் போதும். நாய் மென்றுகொண்டு நிற்கக் கூடாது. விழுங்கிவிட்டு அடுத்தது எப்போது என்று முகத்தைப் பார்க்க வேண்டும். பெரிய துண்டாகக் கொடுத்தால் பத்து முறையில் வயிறு நிறைந்து, பாடத்தில் நாட்டம் போய்விடும்.

பயிற்சித் தீனி, நாள் முழுவதும் சாப்பிடும் உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த அளவை வழக்கமான சாப்பாட்டில் குறைத்துக்கொள்ளலாம். ஈரல் சத்து மிகுந்தது. தினமும் நிறையக் கொடுக்கக் கூடாது. பயிற்சிக்குச் சரியான நேரம், சாப்பாட்டுக்குச் சற்று முன்பு. அதற்காக நாயைப் பட்டினி போடுவது தவறு.

கொடுக்கவே கூடாதவை: வெங்காயம், பூண்டு, திராட்சை, உலர் திராட்சை, சாக்லேட். இவை நாய்க்கு நஞ்சு. வேகவைத்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். கறிக்குழம்பு ஊற்றிய சோற்றிலும் வெங்காயம், பூண்டு இருப்பதை மறக்கக் கூடாது.

முதல் பாடம்: 'வா'

எல்லாப் பாடங்களிலும் நாயின் உயிரைக் காப்பது இதுதான். விஷத்தீனி, ரோட்டில் வரும் லாரி, காட்டுப்பன்றிக்கு வைத்த நாட்டு வெடி என எதன் பக்கம் போனாலும், ஒரு சொல்லுக்குத் திரும்பி வரும் நாய் பிழைத்துக்கொள்ளும்.

முதலில் ஒரு பாராட்டுச் சொல்லைப் பழக்க வேண்டும். 'சபாஷ்' என்று வைத்துக்கொள்வோம். அமைதியான இடத்தில் 'சபாஷ்' என்று சொன்னதும் ஒரு துண்டு கொடுங்கள். பத்துப் பதினைந்து முறை செய்தால், அந்தச் சொல்லைக் கேட்டதுமே நாய் தீனியை எதிர்பார்த்துத் திரும்பும். நாய் பத்தடி தள்ளி நின்று சரியாக ஒன்றைச் செய்யும்போது, அந்த நொடியில் தீனியை வாயில் வைக்க முடியாது. ஆனால், 'சபாஷ்' என்று சொல்லிவிட முடியும். 'நீ செய்தது சரி, தீனி வருகிறது' என்று உறுதி சொல்வது போன்றது அது. சொல்லிவிட்டால் கட்டாயம் கொடுத்துவிட வேண்டும்.

அடுத்து, வீட்டு வாசலில் நான்கைந்து அடி தள்ளி நின்று, பெயரைச் சொல்லி 'வா' என்று ஒரே ஒருமுறை அழையுங்கள். குனிந்து, குரலை இளக்கி அழைத்தால் வர யோசிக்காது. வந்ததும் 'சபாஷ்', உடனே தீனி. நாலைந்து முறை போதும். மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஒரு பாடம் நீளக் கூடாது. நாளுக்கு இரண்டு மூன்று வேளை செய்தால் போதும்.

வாசலில் தவறாமல் வந்தால் களத்துக்கு மாற்றலாம். பிறகு வரப்பு, அதன் பிறகு ஆள் நடமாட்டம் உள்ள வண்டிப்பாதை. புதிய இடத்துக்குப் போகும்போது நீளமான தாம்புக்கயிற்றைக் கழுத்துப்பட்டையில் கட்டிக்கொள்ள வேண்டும். வரவில்லை என்றால் இழுத்து அடிக்கக் கூடாது. தூரத்தைக் குறைத்துக்கொண்டு திரும்ப முயல வேண்டும்.

ஒரு விதியை வீட்டில் எல்லோரும் காக்க வேண்டும். 'வா' என்று அழைத்து அடிக்கக் கூடாது, குளிப்பாட்டக் கூடாது, மருந்து புகட்டக் கூடாது, சங்கிலியில் கட்டவும் கூடாது. அந்த வேலைகளுக்கு நாமே நாயிடம் போக வேண்டும். 'வா' என்ற சொல்லுக்குப் பின்னால் நல்லது மட்டுமே நடக்க வேண்டும். அது பத்து நிமிடம் தாமதமாக வந்தாலும் பாராட்டத்தான் வேண்டும். திட்டினால் அடுத்தமுறை வரவே வராது.

இரண்டாம் பாடம்: 'விடு'

எலிக்கு வைக்கும் சிங்க் பாஸ்பைடு மருந்தைப் பொரி, அரிசி, கருவாடு, எண்ணெய் என்று கலந்து வைக்கிறோம். எலியை இழுக்கும் அதே வாசனை நாயையும் இழுக்கும். அதனால்தான் 'விடு' என்ற பாடம் தோட்டத்து நாய்க்குக் கட்டாயம் தேவை.

ஒரு கையில் கடலையை வைத்து மூடிக்கொண்டு நாயின் முன்னால் நீட்டுங்கள். முகரும், நக்கும், காலால் பிராண்டும். கையைத் திறக்கக் கூடாது, பேசவும் வேண்டாம். அலுத்துப்போய் மூக்கைப் பின்னால் இழுக்கும் அந்த நொடியில் 'சபாஷ்' என்று சொல்லி, மற்றொரு கையிலிருந்து தீனி கொடுங்கள். பல முறை செய்தபின், கையை நீட்டியதுமே நாய் விலகி நம் முகத்தைப் பார்க்கத் தொடங்கும். அப்போதிருந்து கையை நீட்டும்போது 'விடு' என்று சொல்லிப் பழக்கலாம்.

அடுத்த கட்டம், தீனியைத் தரையில் வைத்து, நாய் பாய்ந்தால் பாதத்தால் மூடுவது. அதற்கடுத்தது, நடைபாதையில் தீனியைப் போட்டுவிட்டு, கயிற்றில் பிடித்தபடி அதைக் கடந்து போவது. ஒவ்வொரு கட்டத்திலும் பரிசு வேறு கையிலிருந்துதான் வர வேண்டும். 'விடு' என்று சொன்ன தீனியை ஒருநாளும் எடுத்துக்கொள்ள விடக் கூடாது. விட்டால், 'கொஞ்சம் பொறுத்தால் அதுவும் கிடைக்கும்' என்று பாடம் மாறிவிடும்.

இவ்வளவு பழக்கினாலும், ஆள் இல்லாத நேரத்தில் கிடக்கும் விஷத்தீனியை நாய் தொடாது என்று நம்பிவிடக் கூடாது. எலி மருந்தை வளைக்குள் வைத்து மூட வேண்டும். மிச்சத்தை மறுநாள் காலையிலேயே சேகரித்து, செத்த எலிகளோடு சேர்த்துக் குழியில் ஆழமாகப் புதைக்க வேண்டும். மருந்து வைக்கும் நாட்களில் நாயைக் கட்டிவைப்பதே நல்லது.

மூன்றாம் பாடம்: கோழிக்கும் ஆட்டுக்கும் நடுவே

ஓடுவதைத் துரத்துவது நாயின் பிறவிக் குணம். அதிலும் நம் நாட்டு இனங்களான ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவை வேட்டைக்கும் காவலுக்கும் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டவை. ராஜபாளையமும் சிப்பிப்பாறையும், ஹரியானா மாநிலம் கர்னாலில் உள்ள தேசிய கால்நடை மரபு வளப் பணியகத்தில் 2020-ம் ஆண்டு முறைப்படி பதிவான இனங்கள். முயலைக் கண்டதும் பாயும் இந்த நாய்களுக்கு, அந்த நேரத்தில் கடலை ஒரு பொருட்டே இல்லை. அதனால், பாய்ச்சல் தொடங்குவதற்கு முன்பே பாடத்தைத் தொடங்க வேண்டும்.

நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, கோழிகள் கண்ணுக்குத் தெரியும். ஆனால் நாய் திமிறாது என்ற தூரத்தில் நில்லுங்கள். அது முப்பது அடியாக இருக்கலாம், அறுபது அடியாகவும் இருக்கலாம். கோழியைப் பார்த்துவிட்டு நாய் நம் பக்கம் திரும்பினால் 'சபாஷ்', தீனி. இந்தப் பாடத்துக்கு மட்டும் ஈரல், முட்டை மாதிரி அதற்கு மிகவும் பிடித்ததை வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை சில அடிகள் நெருங்கலாம். திமிறினாலோ, தீனியை எடுக்க மறுத்தாலோ, அவசரப்பட்டு நெருங்கிவிட்டோம் என்று பொருள். பழைய தூரத்துக்குத் திரும்பிவிட வேண்டும்.

குட்டியாக இருக்கும்போதே தொடங்கினால் வேலை பாதியாகக் குறையும். பிறந்து மூன்று வாரம் முதல் மூன்று மாதம் வரையிலான காலத்தில் பார்த்துப் பழகிய உயிர்களை, நாய் பெரும்பாலும் தன் கூட்டமாகவே எடுத்துக்கொள்ளும். தாயைப் பிரித்து எட்டு வாரக் குட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தவுடன், ஆட்டுப்பட்டிக்கு அருகிலேயே வைத்து, ஆடுகளின் வாசனையோடும் சத்தத்தோடும் வளர்ப்பது இதனால்தான்.

ஏற்கெனவே கோழியைக் கொன்று ருசி கண்ட நாயை, எவ்வளவு பழக்கினாலும் குஞ்சுகளோடு தனியாக விடக் கூடாது. அதற்குக் கோழிக்கூண்டும் வேலியும்தான் முழுப் பாதுகாப்பு. மயில், முயல் போன்றவற்றை நாயை ஏவி வேட்டையாடுவது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-ன்படி குற்றம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பரிசு, லஞ்சமாக மாறாமல் இருக்க...

தீனியைக் காட்டிக் கூப்பிட்டால் அது லஞ்சம். வந்தபின் எடுத்துக் கொடுத்தால் அது கூலி. முதல் இரண்டு நாள் மட்டும் கையில் காட்டலாம். பிறகு தீனி மடியிலோ சட்டைப்பையிலோ இருக்க வேண்டும். வேலை முடிந்தபின்தான் வெளியே வர வேண்டும்.

பாடம் நன்றாகப் படிந்தபின், ஒவ்வொரு முறையும் கொடுக்க வேண்டியதில்லை. இரண்டுக்கு ஒன்று, ஐந்துக்கு ஒன்று, சில நேரம் அடுத்தடுத்து இரண்டு என்று மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். 'இந்த முறை கிடைக்குமோ' என்ற எதிர்பார்ப்பே பழக்கத்தை உறுதியாக்கும். மற்ற நேரங்களில் தட்டிக்கொடுத்து, நல்ல வார்த்தை சொன்னால் போதும். ஆனால், கூலியை அடியோடு நிறுத்தினால் பழக்கமும் மெல்ல மறையும்.

அடுத்த இதழ் கைக்கு வருவதற்குள்... 15 நாள் பயிற்சி

நாள் 1-2: 'சபாஷ்' சொல்லும் தீனியும் மட்டும்.
நாள் 3-6: வாசலில் 'வா'. மூடிய கையில் 'விடு'.
நாள் 7-10: களத்தில் கயிற்றோடு 'வா'. தரையில் வைத்து 'விடு'.
நாள் 11-15: வரப்பில் 'வா'. நடைபாதையில் 'விடு'. தூரத்தில் கோழிகளைக் காட்டும் பாடம் தொடக்கம்.

ஒரு கட்டம் படியவில்லை என்றால் அடுத்ததற்குத் தாவ வேண்டாம். 15 நாள் 25 நாளானாலும் நட்டமில்லை.

வாசகர் கேள்விகள்

எங்கள் நாய்க்கு ஐந்து வயது. இனிமேல் பழக்க முடியுமா?

முடியும். குட்டியைவிடச் சில நாள் கூடுதலாகும். அடி வாங்கி வளர்ந்த நாய் என்றால், 'வா' என்ற பழைய சொல்லைக் கேட்டாலே பயப்படும். 'இங்கே', 'ஓடிவா' என்று புதிய சொல் ஒன்றை வைத்துத் தொடங்குங்கள். தெருவில் இருந்து எடுத்து வளர்க்கும் நாட்டு நாய்களுக்கும் இதே முறைதான்.

சுத்த சைவம் நாங்கள். ஈரல், முட்டைக்கு எங்கே போவது?

கடலை, ரொட்டித் துண்டு, பனீர், வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு ஆகியவற்றைச் சிறு துண்டுகளாகக் கொடுக்கலாம். எதை வைத்தால் நாயின் கண் உங்கள் கையை விட்டு அகலவில்லையோ, அதுதான் சரியான தீனி.

தீனிக்குப் பழக்கிவிட்டால், திருடன் கறி போட்டாலும் தின்றுவிடாதா?

பழக்காத நாயும் தின்னத்தான் செய்யும். 'விடு' பழகிய நாய் ஓரளவு தயங்கும், அவ்வளவுதான். எப்போதும் ஒரே சட்டியில், வீட்டார் கையால் மட்டும் சாப்பாடு வைப்பதும், இரவில் ரோட்டோர வேலிப் பக்கம் கட்டாமல் வீட்டுக்கு அருகில் வைத்திருப்பதும் நல்லது.

நான் சொன்னால் கேட்கிறது. வீட்டில் மற்றவர்கள் சொன்னால் கேட்பதில்லை. ஏன்?

ஒருவர் 'வா', இன்னொருவர் 'இங்க வாடா', பிள்ளைகள் 'கம்' என்று ஆளுக்கொரு வார்த்தை சொன்னால் நாய்க்குக் குழப்பம்தான். எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்லி, முறை வைத்துத் தீனி கொடுங்கள். பிள்ளைகள் பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும், விரித்த உள்ளங்கையில் வைத்து நீட்ட வேண்டும். சாப்பிடும் நாயின் சட்டிப் பக்கம் அவர்களை விடக் கூடாது.

கடிக்கும் நாயைத் தீனி கொடுத்துத் திருத்தலாமா?

வீட்டார் மட்டும் முயலக் கூடாது. திடீரென்று குணம் மாறிக் கடித்தால் நோயோ வலியோ இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். எந்த நாயாக இருந்தாலும் மூன்று மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசி தொடங்கி, மருத்துவர் சொல்லும் தேதியிலும், பிறகு ஆண்டுதோறும் போட வேண்டும். வீட்டு நாயே கடித்தாலும், காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

எலி மருந்தைத் தின்றுவிட்டது. வீட்டில் என்ன கொடுக்கலாம்?

எதுவும் கொடுக்க வேண்டாம். சிங்க் பாஸ்பைடு, வயிற்று அமிலத்தோடு சேர்ந்தால் விஷ வாயுவாக மாறும். பாலோ சோறோ கொடுத்தால் அமிலம் அதிகமாகச் சுரந்து, விஷம் கூடும். உப்புக் கரைசல் புகட்டுவதும் ஆபத்து. மருந்துப் பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். புரோமோடையலான் மருந்தாக இருந்தால், நாய் இரண்டு மூன்று நாள் நன்றாக இருப்பதுபோலவே தெரியும். அதன் பிறகு ரத்தக்கசிவு தொடங்கும். ஆகவே, நன்றாகத்தானே இருக்கிறது என்று காத்திருக்கக் கூடாது. உரிய காலத்தில் கொண்டுபோனால் வைட்டமின் 'கே' கொடுத்துக் காப்பாற்ற முடியும்.

தோட்டத்துக்குக் காவல் இருக்கும் நாய்க்குத் தினமும் சோறு போடுகிறோம். அதில் ஒரு கைப்பிடியை எடுத்து, சொன்னதைச் செய்த நொடியில் கொடுத்தால் போதும். மருந்து கிடக்கும் வரப்பில் நின்றாலும், 'மணி, வா' என்ற ஒரு குரலுக்கு அது திரும்பி ஓடிவரும்.